கீழே இருக்கிற கால்

விறகை உள்ளே எடுத்துவந்து போடுவது அந்த வீட்டில் முப்பது வருஷமாக லிண்ட்ஸியின் வேலை. எட்டு மாதமாக அது அவன் மனைவி ராஸ்லினின் வேலை ஆகிவிட்டது. காலை ஏழரைக்கு, விடிந்தும் விடியாமலும் இருக்கும்போது, லிண்ட்ஸியின் பழைய கம்பளிச் சட்டையை மேலே போட்டுக்கொண்டு கொட்டகைக்குப் போவாள். கூடையில் பத்துக் கட்டை அடுக்குவாள். பதினொன்றாவதை அக்குளில் இடுக்கிக்கொள்வாள். காலுக்குக் கீழே புல்லில் உறைபனி நொறுங்கும். நடுக்குளிர்காலமான ஜூலையில் எங்கள் கரையில் ஒரு கூடை விறகு மத்தியானம் வரைக்கும்கூடத் தாங்காது.

திரும்பி வந்தால் பின்வாசலில் வழி இருக்காது. அங்கே லிண்ட்ஸி ஏறி இறங்கிக்கொண்டிருப்பான்.

"வழி விடு லிண்ட்ஸ். கை அத்துப்போகுது."

"பதினாலு... இரு... பதினஞ்சு."

"நீ இருபது முடிக்கிறதுக்குள்ள இந்தக் கட்டை முளைச்சு மரமாயிரும்."

"பதினாறு. பேச வெக்காத. மூச்சு வாங்குது."

அந்தத் திங்கட்கிழமையும் கூடையோடு நின்றாள். நிற்கிறவளுக்குப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அவன் முதுகைப் பார்த்தாள், இடுப்பைப் பார்த்தாள், அப்புறம் காலைப் பார்த்தாள். கீழ்ப்படியின்மேல் ஒரு மரக்கட்டையை வைத்து உயரம் கூட்டியிருந்தான். வலது கால் அதன்மேல் பதிந்திருந்தது. எழும்பவேண்டியது அந்தக் கால்தான். ஆனால் அது எழும்புவதற்கு ஒரு கணம் முன்னால், கீழே தரையில் இருந்த இடது கால், பரீட்சையில் பக்கத்து ஆளைப் பார்த்து எழுதுகிறவன் மாதிரி, குதிகாலைத் தூக்கி விரலால் சிமென்ட்டை ஓர் உதை உதைத்தது. அந்த உதையில்தான் முழு உடம்பும் மேலே போனது.

ராஸ் அடுத்த ஏற்றத்தையும் பார்த்தாள். அதிலும் அதே உதை.

லிண்ட்ஸி, முழுப்பெயர் லிண்ட்ஸி டார்கெட், கப்பல் பைலட். எங்கள் துறைமுகத்துக்கு சிமென்ட்டும் மரச்சிராயும் ஏற்ற வருகிற கப்பல்களை வெளிக்கடலில் போய்ச் சந்தித்து, உள்ளே ஓட்டிவந்து கட்டுகிற வேலை. அவன் ஏறுவதற்காகக் கப்பல் நிற்காது. சின்னப் படகு ஒன்று அதன் விலாவை ஒட்டிக்கொண்டு ஓடும். மேலேயிருந்து கயிற்றேணி தொங்கும். படகு அலையில் ஏறும், இறங்கும்; ஏணி தன் பாட்டுக்கு நிற்கும். சரியான நொடியில் படகின் விளிம்பிலிருந்து ஒரு காலை ஏணிப் பலகையில் வைத்து, அந்த ஒரு காலாலேயே எழும்பி, மளமளவென்று நாலு பலகை ஏறிவிட வேண்டும். ஏறாவிட்டால் அடுத்த அலையில் படகு மேலே வரும். இருபது டன் படகு. கப்பலுக்கும் படகுக்கும் நடுவில் மாட்டுகிற காலுக்கு என்ன ஆகும் என்பதை எங்கள் ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

இருபத்தாறு வருஷம் அப்படி ஏறியவனுக்கு ஒரு கீறல் கிடையாது. போன நவம்பரில், கையில் விறகுக் கூடையோடு, சொந்த வீட்டுப் பின்வாசலில், மழையில் நனைந்த இரண்டே படியில் வழுக்கினான். வலது முழங்கால் சில்லுக்கு மேலே தொடைத் தசையைப் பிடித்து வைத்திருக்கும் நாண் அறுந்துவிட்டது. அறுவை சிகிச்சை, ஆறு வாரம் விறைப்பான கட்டு. கட்டைப் பிரித்தபோது அந்தத் தொடை வேறு யாருடையதோ மாதிரி மெலிந்து கிடந்தது. "பாஸ் நீரிணைக் கடலே ஒண்ணும் பண்ண முடியாத ஆளைப் பின்வாசல் படி கவுத்திருச்சு" என்று பேக்கரியில் ஒரு மாதம் சிரித்தார்கள். லிண்ட்ஸியும் கூடச் சிரித்தான். வீட்டுக்கு வந்து பேசாமல் படுத்துக்கொண்டான்.

பிசியோதெரபி கொடுத்தவள் இங்க்ரிட். முப்பது வயதுகூட இருக்காது. ஆனால் ஆளை ஓர் அங்குலம் ஏமாற்ற விடமாட்டாள். முதலில் ஒரு தடிமனான புத்தகத்தின் உயரம், பிறகு ஒரு சாண், அப்புறம் அதற்கும் மேலே என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினாள். பாதம் முழுக்க மேலே இருக்க வேண்டும். பாரத்தைக் குதிகாலில் போட வேண்டும். முட்டி உள்பக்கம் சாயக் கூடாது. எழும்பி நேராக நின்று, மூன்று எண்ணிக்கொண்டே இறங்க வேண்டும். தொப்பென்று விழக் கூடாது.

"கீழ இருக்கிற கால் விருந்தாளி" என்று முதல் நாளே சொன்னாள். "விருந்தாளியை வேலை வாங்கக் கூடாது. விரலைத் தூக்கி வெச்சுக்கோங்க, குதிகால் மட்டும் தரையில இருக்கட்டும். அப்ப உதைக்க முடியாது. நாற்பது சென்டிமீட்டர் உயரத்துல வலது கால்ல இருபது தடவை, சுத்தமா. அன்னிக்கு, வேலைக்குப் போலாம்னு நான் கையெழுத்துப் போடறேன். அதுக்கு ஒரு நாள் முன்னாடி போட மாட்டேன்."

அந்தக் கையெழுத்துக்கான நாள் புதன்கிழமை. அதைக் கடந்தால் வியாழன் டாக்டர், வெள்ளி கடல்.

கடக்காவிட்டால் என்ன என்பது ராஸுக்குத் தெரியும். துறைமுகத்தில் இருப்பது இரண்டே பைலட். மற்றவர் எட்டு மாதமாகத் தனியாக இழுத்துக்கொண்டிருந்தார். வடக்கே குவீன்ஸ்லாந்திலிருந்து ஒருவரைக் கூப்பிடப்போகிறார்கள் என்று பேச்சு. லிண்ட்ஸிக்கு ஐம்பத்தொன்பது. ஒரு தடவை மேஜைக்குப் பின்னால் உட்கார்த்தி வைத்துவிட்டால் மறுபடி ஏணி கிடையாது.

ராஸுடைய கதை வேறு. அவள் கடல்காரி இல்லை. உள்நாட்டில், மலையடியில் உருளைக்கிழங்கு போட்ட வீட்டுப் பெண். நீச்சல் தெரியாது. வாரத்துக்கு மூன்று நாள் பள்ளிக்கூடக் கேண்டீனில் வேலை. அவள் கல்யாணம் பண்ணிக்கொண்ட ஆள் கப்பலில் இருந்தான் என்பது, இன்னொருத்தி கல்யாணம் பண்ணிய ஆள் குறட்டை விடுவான் என்பது மாதிரி, பிறகு தெரிந்துகொண்டு பொறுத்துக்கொண்ட விஷயம்.

சமையலறை ஜன்னல் விளிம்பில் துறைமுக ரேடியோ ஒன்று இருந்தது. படகும் கப்பலும் பேசிக்கொள்வது அதில் கேட்கும். "படகு பக்கத்துல வந்தாச்சு" என்று ஒரு குரல் வரும். கொஞ்ச நேரம் கழித்து "பைலட் ஏறியாச்சு" என்று வரும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற நேரம் ஓர் உருளைக்கிழங்கு தோல் சீவுகிற நேரம். ராஸ் அதை அப்படித்தான் அளந்தாள். முதல் குரல் வந்ததும் ஒன்றைக் கையில் எடுப்பாள். கிழங்கு முடிவதற்குள் இரண்டாவது குரல் வந்துவிடும். இரண்டாவது கிழங்கை எடுக்கவேண்டி வந்தால் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொள்வாள். இருபத்தாறு வருஷத்தில் மூன்றாவதை எடுத்தது இரண்டே தடவை.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இன்னொன்றையும் சொன்னதில்லை. இந்த எட்டு மாதமும் ரேடியோவை அணைத்து வைத்திருந்தாள். நன்றாகத் தூங்கினாள். புருஷன் சோபாவில் நனைந்த நாய் மாதிரி கிடக்கும்போது, பொண்டாட்டி இரண்டு கிலோ ஏறியிருந்தாள்.

விறகைக் கணப்பின் பக்கத்தில் கொட்டிவிட்டு, ராஸ் நேரே குளியலறைக்குப் போய் எடை பார்க்கும் மெஷினைத் தூக்கிவந்தாள். முள் வைத்த பழைய மெஷின். அதைப் படியின் அடியில், மரக்கட்டைக்கு முன்னால் வைத்தாள்.

"என்ன இது?"

"எடை பாக்குற மெஷின். தினம் காலைல ஏறிட்டுத் திட்டுவியே, அதேதான்."

"தெரியுது. இங்க எதுக்கு?"

"கீழ இருக்கிற காலை அதுமேல வை. ஏறு."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு இடது காலை மெஷினில் வைத்து, வலது காலைக் கட்டைமேல் வைத்தான். உடம்பை மேல் காலுக்குச் சாய்க்கும்போது முள் இறங்கியது. முப்பது, இருபது, பத்து. அங்கிருந்து அவன் எழும்பினான். முள் துள்ளி நாற்பத்தஞ்சுக்குப் போய் வந்தது.

"கால் மாத்து" என்றாள் ராஸ்.

மாற்றினான். இடது கால் மேலே, வலது கால் மெஷினில். முள் இறங்கியது, பூஜ்யத்துக்கு வந்தது, அங்கேயே கிடந்தது. அவன் பட்டம் மாதிரி மேலே போனான்.

"மெஷின் கெட்டுப்போச்சு" என்றான்.

"ஒரு காலுக்கு மட்டும் கெட்டுப்போச்சா?"

"ராஸ், கேளு. இது சிமென்ட். இது அசையாது. கடல்ல அப்படி இல்ல. அலை தூக்கும். படகு மேல வர்ற வேகத்துலேயே பாதி ஏறிருவேன். இத்தனை வருஷமா கால் எங்க ஏறுச்சு? கடல்தான் ஏத்திவிட்டுச்சு."

"அப்ப விருந்தாளிக்குப் பதிலா வேலை செய்யறது கடலா?"

"உனக்குப் புரியாது. நீ கிழங்குக்காரி."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவளும் சிரித்தாள். மெஷினை எடுத்துக்கொண்டு உள்ளே போகும்போது அதன் மூலை கதவில் இடித்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் பேக்கரியில் டூகலைப் பார்த்தாள். பைலட் படகின் முன்தளத்தில் நிற்கிறவன் அவன்தான். பைலட் ஏணிக்குத் தாவும்போது ஒரு கை தூரத்தில் இருந்து பார்த்துக்கொள்வது அவன் வேலை. ஸ்காலப் சிப்பிக்கறியை மசாலாவோடு அடைத்துச் சுட்ட பலகாரம் இரண்டு வாங்கி, ஒன்றைக் கடையிலேயே கடித்துக்கொண்டிருந்தான்.

"டூகல், ஒண்ணு கேக்கறேன். ஏணிக்குத் தாவுறது படகு மேல ஏறிட்டு இருக்கும்போதா?"

"என்ன ராஸ், பைலட் பரீட்சை எழுதப் போறீங்களா?"

"சும்மா கேட்டேன்."

"மேல ஏறும்போது தாவினா செத்தோம். ஏணில கால் வெச்சதுக்கு அப்புறமும் படகு மேல வந்துட்டே இருக்குமில்ல? காலை நசுக்கிரும். மேல வந்து நிக்கும் பாருங்க, உச்சில, ஒரு நொடி. அப்பதான்."

"அந்த நொடில படகு தூக்கிவிடாதா?"

டூகல் மென்றுகொண்டே தலையாட்டினான். "எங்க தூக்குறது? அது அப்பவே கீழ போக ஆரம்பிச்சிரும். கண்ணுக்குத்தான் தளம் இருக்கு. காலால உதைச்சா ஒண்ணும் இருக்காது. தண்ணிய உதைக்கிற மாதிரி. மேல வெச்ச கால்தான் எல்லாம்." வாயைத் துடைத்துக்கொண்டான். "ஏன், லிண்ட்ஸிக்குக் கால் சரியாத்தானே இருக்கு?"

"இருக்கு, இருக்கு" என்றாள்.

வெளியே வந்து காரில் உட்கார்ந்து, சாவியைப் போடாமல் ரொம்ப நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வருஷம் இரண்டு கால் இருந்தவனுக்கு எந்தக் கால் வேலை செய்தது என்று யோசிக்கவேண்டிய அவசியம் வந்திருக்காது. வலது கால் பாட்டுக்கு ஏறியது. அவன் புகழைக் கடலுக்குக் கொடுத்தான். இப்போது அந்தக் கால் இல்லை. அவனுக்கு அது தெரியவில்லை. அல்லது தெரிகிறது.

ராத்திரிச் சாப்பாட்டின்போது சொல்லிவிடலாம் என்றுதான் வந்தாள். வந்து பார்த்தால் லிண்ட்ஸி துறைமுகச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். அவன் இஸ்திரிப் பெட்டியைத் தொட்டு அவள் பார்த்ததே இல்லை. காலர் இரண்டு இடத்தில் மடிந்திருந்தது. அவள் எதுவும் சொல்லாமல் அதை வாங்கி மறுபடி போட்டுக்கொடுத்தாள். பிறகு அவனுடைய பூட்ஸை எடுத்து, காகிதம் விரித்து, கிரீஸ் தடவினாள். கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

புதன்கிழமை இங்க்ரிட்டின் அறையில் நாற்பது சென்டிமீட்டர் பெட்டி சுவர் ஓரமாக இருந்தது. சுவரில் பிடிக்கக் கம்பி. லிண்ட்ஸியின் விரல் தன்னால் கம்பிக்குப் போனது.

"கையை எடுங்க."

"தொட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"தொடறவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. எடுங்க."

எடுத்தான். கீழ்க்கால் விரலைத் தூக்கிக்கொண்டு ஆரம்பித்தான். ஒன்று, இரண்டு, மூன்று. நன்றாகத்தான் இருந்தது. ராஸ் மூலையில் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். பத்தாவதில் அவன் கழுத்தில் நரம்பு எழுந்தது. பதினைந்தாவதில் கைகளை வீசி உடம்பை முன்னால் எறிந்தான். பதினேழாவதில் கீழ் விரல் ஒரு தடவை தரையைத் தொட்டது போல இருந்தது. தொடாதது போலவும் இருந்தது. இருபது.

இங்க்ரிட் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"பதினாலு சுத்தம். கடைசி ஆறு எனக்கு அவ்வளவா பிடிக்கல. ஆனா இங்க வந்து நிக்கும்போது எல்லாருக்கும் பதட்டம் இருக்கும். வீட்டுல எப்படி? இருபதும் சுத்தமா வருதா?"

அவள் கேட்டது லிண்ட்ஸியை அல்ல. ராஸைப் பார்த்துக் கேட்டாள்.

லிண்ட்ஸியும் ராஸைப் பார்த்தான். பெட்டியின் மேல் ஒரு கால், கீழே ஒரு கால், நெற்றியில் வேர்வை. கண் அவள் முகத்தை விட்டு நகரவில்லை. கெஞ்சுகிறான் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

"வரல" என்று சொல்வது ஒரு வார்த்தை. நாக்கின் நுனியில் இருந்தது. ஆனால் அதைச் சொல்வது யார்? முள் நாற்பத்தஞ்சுக்குத் துள்ளியதைப் பார்த்தவளா, எட்டு மாதம் நிம்மதியாகத் தூங்கினவளா? அவன் சாகக் கூடாது என்பதற்காகச் சொல்கிறாளா, மறுபடி அந்த ரேடியோவைப் போடவேண்டாமே என்பதற்காகவா? அவளுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இப்போது தடுத்தால், வாழ்நாள் முழுக்க மேஜைக்குப் பின்னாலிருந்து அவன் தன்னைப் பார்ப்பான் என்று தோன்றியது.

"வருது" என்றாள். "வீட்டுல நல்லா வருது."

இங்க்ரிட் கையெழுத்துப் போட்டாள். லிண்ட்ஸி பெட்டியிலிருந்து இறங்கினான். காரில் அவன் ஒன்றும் பேசவில்லை. சந்தோஷத்தில் வார்த்தை வரவில்லை என்று ராஸ் நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை தென்மேற்குக் காற்று. ஒன்பதரைக்குச் சிமென்ட் கப்பல். எட்டரைக்கு அவன் கிளம்பும்போது வாசலில் நின்று, "கேஸ் பில் வந்தா மேஜைமேல வை" என்றான். எட்டு மாதத்துக்குப் பிறகு கடலுக்குப் போகிறவன் சொல்கிற பேச்சு அது. அவளும், "ரொட்டி வாங்கிட்டு வா" என்றாள்.

அவன் போனதும் ரேடியோவைப் போட்டாள். இரைச்சல். கூடையிலிருந்து கிழங்கை எடுத்துத் தொட்டியின் பக்கத்தில் வைத்தாள். கத்தியைத் துடைத்தாள். துடைத்த கத்தியை மறுபடி துடைத்தாள்.

"படகு பக்கத்துல வந்தாச்சு."

முதல் கிழங்கை எடுத்தாள். தோல் சுருளாக விழுந்தது. முடிந்தது. ரேடியோவில் காற்றின் இரைச்சல் மட்டும். இரண்டாவதை எடுத்தாள். நாற்காலியை இழுக்க மறந்துவிட்டாள். கப்பல்காரனின் அந்நியக் குரல் ஒன்று, "பைலட் ரெடியா? பைலட்?" என்றது. "கொஞ்சம் இருங்க" என்று படகு சொன்னது. மூன்றாவது. கத்தி கிழங்கில் இறங்காமல் கட்டைவிரலில் பட்டது, வலிக்கவில்லை. நான்காவதைக் கையில் எடுத்து வெறுமனே பிடித்துக்கொண்டு நின்றாள். ரேடியோவில் யாரோ கத்தினார்கள். என்ன வார்த்தை என்று விளங்கவில்லை. நடுவிலேயே அறுந்தது.

வெளியே பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. கணப்பில் ஒரு கட்டை சரிந்தது. தோலும் ரத்தமும் சிங்க்கில் ஒன்றாகக் கிடந்தன. கடவுளே என்றுகூடச் சொல்லத் தோன்றவில்லை. "வருது என்றேன், வருது என்றேன்" என்று மட்டும் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"பைலட்..." என்றது ரேடியோ. வழக்கமாகப் பேசுகிற படகோட்டியின் குரல் இல்லை, டூகலின் குரல். மூச்சு வாங்கியது. "பைலட் ஏறியாச்சு."

ராஸ் தரையில் உட்கார்ந்தாள். நாற்காலி எட்டி இருந்தது.

மதியம் ஒன்றரைக்கு வந்தான். ரொட்டி வாங்கியிருந்தான். பூட்ஸைச் சலவை அறையில் கழற்றிப் போட்டுவிட்டு வந்து மேஜையில் உட்கார்ந்தான். அவள் மசித்த கிழங்கும் சாசேஜும் வைத்தாள். இரண்டு பேருக்கு நாலு கிழங்கு.

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு. கொஞ்சம் அலை."

"ரேடியோல ரொம்ப நேரம் ஆச்சு."

"கப்பல்காரன் கப்பலைக் காத்துக்கு மறைவா திருப்பல. அதான்." முள்கரண்டியை எடுத்தான். அது தட்டில் டிக்டிக்கென்று அடித்தது. அதைக் கீழே வைத்துவிட்டுக் கையை மேஜைக்கு அடியில் கொண்டுபோனான். "விரல்ல என்ன?"

"கத்தி."

அவன் பாதி சாப்பிட்டுவிட்டுக் கணப்பின் முன்னால் போய் உட்கார்ந்தான். ராஸ் பூட்ஸின் உப்புத் தண்ணீரைக் கழுவிவிடலாம் என்று சலவை அறைக்குப் போனாள். வலது பூட்ஸ் நன்றாக இருந்தது. இடது பூட்ஸைத் திருப்பினாள். குதிகால் பாதி இல்லை. ரப்பர் அடிப்பாகம் பிய்ந்து, தோல் உள்பக்கமாக மடங்கிக் கிடந்தது. மடிப்பில் கரிக்கறுப்பாகத் தேய்ந்த இன்னொரு ரப்பர். படகின் விளிம்பைச் சுற்றிப் போட்டிருக்கும் கறுப்பு ரப்பர் அது. அவளுக்கு அந்தக் கறுப்பு தெரியும். இருபத்தாறு வருஷமாக அவன் கால்சட்டையிலிருந்து அதைத்தான் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

இடது கால். கீழே இருக்கிற கால்.

பூட்ஸைக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேஜையில், அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"மேஜைமேலயா செருப்பு வெப்பாங்க?" என்றான் லிண்ட்ஸி, கழுத்தை மட்டும் திருப்பி.

"வந்து பாரு."

"பழைய பூட்ஸ். பிஞ்சிருக்கும்."

"செவ்வாய்க்கிழமை நான்தான் கிரீஸ் போட்டேன். ரெண்டு குதிகாலும் இருந்துச்சு."

அவன் எழுந்து வந்தான். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். பூட்ஸைப் பார்த்துக்கொண்டே பேசினான். கப்பலின் நீளம் அகலம் சொல்கிற குரலில்.

"மூணு அலையை விட்டுட்டேன். கால் போகல. ஏன்னு தெரியல. டூகல் என்னையே பாத்துட்டு இருந்தான். நாலாவதுல வெச்சேன். வலது கால் பலகைமேல நல்லா உக்காந்துச்சு. எழும்புன்னேன். எழும்பல. கீழ உதைச்சேன், கீழ ஒண்ணும் இல்ல. கையால தொங்கினேன். டூகல் கத்தினான். இடது காலை இழுக்கறதுக்குள்ள படகு மேல வந்துச்சு." நிறுத்தினான். "குதிகாலைத் தொட்டுச்சு. தொட்டதோட போயிருச்சு."

ராஸ் அவனுடைய பாதிச் சாப்பாட்டுத் தட்டை ஓரமாக நகர்த்தினாள். 

"அடுத்த கப்பல் எப்ப?" என்றாள்.

"ஞாயித்துக்கிழமை. காலைல."

அவள் கைப்பேசியை எடுத்தாள். அவன் முன்னாலேயே, மேஜை ஓரத்தில் நின்றுகொண்டு, இங்க்ரிட்டின் எண்ணை அழுத்தினாள். கையை நீட்டி அதைப் பிடுங்க அவனுக்கு ஓர் அடி தூரம்தான். அவன் அசையவில்லை.

"இங்க்ரிட், நான் ராஸ் டார்கெட். புதன்கிழமை நான் சொன்னது பொய். வீட்டுல அவருக்குச் சுத்தமா வரல. எடை மெஷின் வெச்சுப் பாத்தேன். நாற்பத்தஞ்சு கிலோ கீழ் கால்லதான் இருக்கு... ஆமா. தெரிஞ்சுதான் சொன்னேன்... இல்ல, இன்னிக்குப் போனாரு. உயிரோடதான் இருக்காரு."

அந்தப் பக்கம் இங்க்ரிட் நீளமாகப் பேசினாள். ராஸ் "சரி", "சரி" என்றாள். கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறாளாம். டாக்டருக்கும் துறைமுகத்துக்கும் அவளே இப்போதே சொல்கிறாளாம். திங்கட்கிழமை மறுபடி வரணும். உயரத்தை முப்பதுக்கு இறக்கிப் பத்து வாரம். அதற்கப்புறம் பார்க்கலாம், வாக்குக் கொடுக்க முடியாது. கடைசியில், "அந்த மெஷினையும் எடுத்துட்டு வாங்க" என்றாள்.

ராஸ் கைப்பேசியைப் பூட்ஸுக்குப் பக்கத்தில் வைத்தாள். கத்துவான் என்று காத்திருந்தாள். மேஜை, குவீன்ஸ்லாந்து ஆள், இருபத்தாறு வருஷம் எல்லாம் வரும் என்று தோளை இறுக்கி வைத்துக்கொண்டாள். ஜன்னலில் ரேடியோ இன்னும் இரைந்துகொண்டிருந்தது, அணைக்க மறந்திருந்தாள்.

"புதன்கிழமை நான் உன்னையேதான் பாத்துட்டு இருந்தேன்" என்றான் லிண்ட்ஸி.

"தெரியும்."

"உனக்குத் தெரியல. 'வரல'ன்னு நீ சொல்லுவன்னு பாத்துட்டு இருந்தேன். மெஷினை நீதான் கொண்டுவந்து வெச்ச. முள்ளை நீதான் பாத்த. என் வாயால அதைச் சொல்ல முடியாது ராஸ், முடியல. ஆனா நீ சொல்லிருவன்னு இருந்தேன். திங்கட்கிழமையிலிருந்து அதை நம்பித்தான் தூங்கினேன்." நாற்காலியின் முதுகை விட்டான்.  "கோவமா கேக்கல. தெரிஞ்சுக்கணும். ஏன் சொல்லல?"

அவள் குதிகால் இல்லாத பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் இப்போதுதான் வலிக்க ஆரம்பித்தது.

கணப்பு தணிந்துகொண்டிருந்தது, கூடையில் கட்டை இல்லை. இருவரும் அதைப் பார்த்தார்கள். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவன் காலியான கூடையை எடுத்துக்கொண்டு, சாக்ஸ் காலோடு, பின்வாசல் வழியாக வெளியே போனான்.